ஏற்காடு பஸ்ஸில் ஏறிய பாக்டீரியா

கணக்கு இதுதான். சேலத்தில் 32 டிகிரி வெப்பம். ஏற்காட்டில் 22 டிகிரி. பாலில் வளரும் ஒரு பாக்டீரியா 32 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகிறது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அது பெருகும் வேகம் பாதியாகிவிடும். காலை 6 மணிக்கு இரண்டு சொம்புப் பால், ஒவ்வொன்றிலும் 1,000 பாக்டீரியா. ஒரு சொம்பு சேலத்தில், இன்னொன்று ஏற்காட்டில். பகல் 12 மணிக்கு எதில் எத்தனை இருக்கும்?

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்துக்கு வந்தால் பாக்டீரியா பெருகுகிற கணக்கு ஒன்று வரும், சுடுதண்ணீர் ஆறுகிற கணக்கு ஒன்று வரும். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். எழுதுகிற படிகள்கூட அச்சு அசலாக ஒன்றேதான். வெப்பநிலையையும் பாக்டீரியாவையும் ஒரே கணக்குக்குள் கட்டிப்போட்டால் என்ன செய்வார்கள் என்று பார்க்கத்தான் மேலே உள்ளதை எழுதினேன். இதற்கு எங்கள் ஊரைவிட வாட்டமான ஊர் கிடைக்காது. மாடியில் நின்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை தெரிகிறது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வேறு வெப்பநிலை.

சேலத்துச் சொம்பில் யாருக்கும் சிக்கலில்லை. ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு அரைமணி. பன்னிரண்டு தடவை இரட்டித்தால் 4,096 மடங்கு. ஆக 40,96,000. ஏற்காட்டுச் சொம்புக்கு வந்ததும் பாதி வகுப்பு பேனாவை மூடி வைத்துவிட்டது.

"பாதி வேகம்னா பாதி பாக்டீரியா மிஸ். 20,48,000" என்றான் மெய்யனூர்ப் பையன். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

"22 டிகிரியில எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் ரெண்டு மடங்காகும்?"

"ஒரு மணி நேரம் மிஸ்."

"ஆறு மணி நேரத்தில எத்தனை தரம்?"

"ஆறு."

"ரெண்டை ஆறு தரம் பெருக்கு."

விரலை மடக்கி மடக்கி 64 வரை வந்தவன், அதற்குமேல் எங்கேயும் போக முடியாமல் நிமிர்ந்து பார்த்தான். ஏற்காட்டுச் சொம்பில் 64,000. சேலத்தில் இருப்பதில் பாதி இல்லை, அறுபத்து நான்கில் ஒரு பங்கு.

எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம் இதுதான். 4,096-இன் வர்க்கமூலம் 64. வேகம் பாதியானால் பெருக்கம் பாதியாவதில்லை, வர்க்கமூலமாகச் சுருங்குகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கானால் கனமூலம்: ஆறு மணி நேரத்தில் நாலே நாலு இரட்டிப்பு, 16 மடங்கு. கால்வாசியானால் 8 மடங்கு. 4,096, 64, 16, 8 என்று போர்டில் வரிசையாக எழுதினால் வெப்பநிலை எங்கே கை வைக்கிறது என்று தெரிந்துவிடும். அது எண்ணிக்கையைத் தொடுவதில்லை. எண்ணிக்கையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அடுக்கைத் தொடுகிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து நாம் பிள்ளைகளுக்கு நேர்விகிதமும் எதிர்விகிதமும் ஊட்டி வளர்க்கிறோம். ஐந்து ஆள் பத்து நாளில் கட்டும் சுவரை பத்து ஆள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்டுக் கேட்டு, 'பாதி' என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாக இரண்டால் வகுக்கப் போகிறது. வட்டிக் கணக்கு போட்டவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. கூட்டு வட்டியில் கடன் வாங்கியவனுக்கு, அசலைக் குறைப்பதும் வட்டி வீதத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலில் முதலில் இருந்த 1,000 பாக்டீரியா அசல். வெப்பநிலை வட்டி வீதம்.

பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்பது நான் கணக்கு வசதிக்காக இட்டுக்கட்டியதில்லை. டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1884-இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பிய விதி அது: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று மடங்காகும். ஏன் அப்படி என்பதற்கு 1889-இல் ஸ்வீடன்காரர் அரீனியஸ் விளக்கம் கொடுத்தார். மூலக்கூறுகள் வினையில் இறங்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினாலும் அந்த வாசலைத் தாண்டும் மூலக்கூறுகளின் பங்கு வெகுவாக ஏறிவிடும். பாக்டீரியா என்பது ஒரு மெல்லிய சுவருக்குள் நடக்கும் ஆயிரக்கணக்கான வேதிவினைகள். ஆகவே அதன் வளர்ச்சியும், அதற்குத் தோதான வெப்ப எல்லைக்குள் இருக்கும்வரை, ஏறக்குறைய இந்த விதிக்குக் கட்டுப்படுகிறது. எல்லைக்கு வெளியே என்ன ஆகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

சரி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நிஜமாகவே பத்து டிகிரியா? சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். அப்படியானால் வித்தியாசம் எட்டு டிகிரி. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி, "ரெண்டு டிகிரிதானே மிஸ், விடை பெருசா மாறாது" என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னேன். எட்டு டிகிரிக்கு வேகம் குறைவது 1.74 பங்கு. அரைமணி என்பது 52 நிமிடமாகிறது. ஆறு மணி நேரத்தில் ஆறு இரட்டிப்புக்குப் பதில் 6.9 இரட்டிப்பு. விடை 64,000 இல்லை, கிட்டத்தட்ட 1,19,000. இரண்டே டிகிரிக்கு விடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

இந்த 1.74-ஐ நான் முதலில் பார்த்தது போர்டில் இல்லை, என் மாமியார் வீட்டு அடுக்களையில். அத்தை ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் இருக்கிறார். கல்யாணமாகிப் போன புதிதில் இட்லி மாவு ஆட்டும் வேலை எனக்கு வந்தது. சேலத்துப் பழக்கத்தில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டி வைக்கலாம் என்று இருந்தேன். அத்தை மத்தியானம் மூன்றரைக்கே கிரைண்டரைக் கழுவி வைத்துவிட்டார்.

"இப்பவே எதுக்கு அத்தை?"

"இங்க குளுருக்கு மாவு அசையாது கண்ணு. இப்ப ஆட்டுனாத்தான் விடிஞ்சு அஞ்சரைக்குப் பொங்கி நிக்கும்."

சேலத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு. எட்டை 1.74-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட பதினான்கு. மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை எண்ணிப் பாருங்கள். அத்தைக்கு வான்ட் ஹாஃப் யாரென்று தெரியாது, அவசியமுமில்லை.

அவர் வேறு இரண்டு வேலையும் செய்வார். மாவுக் குண்டானைப் பழைய ஸ்வெட்டர் ஒன்றில் சுற்றி, விறகடுப்பு மேடையின் ஓரத்தில், தணல் அவிந்த பக்கமாக வைப்பார். அதோடு முந்தின மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலந்துவிடுவார். இந்த இரண்டில் எது அதிகம் உதவுகிறது என்று வகுப்பில் ஒருநாள் கேட்டேன். பழைய மாவுக்குத்தான் ஓட்டு விழுந்தது. ஒரு கரண்டியில் கோடிக்கணக்கில் இருக்குமே!

இருக்கும். ஆனால் அது அசல். அந்தக் கரண்டி மாவு தொடக்க எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கியது என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு என்பது மூன்றேகால் இரட்டிப்புக்குக் கொஞ்சம் அதிகம், 3.32. பால் கணக்கின் 52 நிமிடத்தையே மாவுக்கும் எடுத்துக்கொண்டால், மிச்சமாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி போட்டால் கூடுதலாக மிச்சமாவது 52 நிமிடம், அவ்வளவுதான். ஸ்வெட்டரும் தணலும் சேர்ந்து குண்டானை எட்டு டிகிரி சூடாக வைத்திருந்தால் பதினான்கு மணி எட்டு மணியாகிவிடும், ஆறு மணி நேரம் மிச்சம். பழைய மாவு ஒருமுறை கழித்துக் கொடுக்கிற சலுகை. சூடு ஒவ்வொரு இரட்டிப்பிலும் கழித்துக் கொடுக்கிறது. பொங்க எவ்வளவு நேரமாகுமோ அந்த அளவுக்கு சூட்டின் கை ஓங்கும்.

மாவைப் பொங்க வைப்பது யார் என்பதில் ஒரு சுவையான சேதி உண்டு. சோடா மாவும் ஈஸ்ட்டும் இல்லாமல் இந்த மாவு எப்படி உப்புகிறது என்று அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஜெனிவா என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சிக்காரர்கள் இட்லி மாவை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். 1965-இல் வெளியான அவர்களின் கட்டுரை, முக்கியமான ஆள் லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று சொன்னது. அது அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடுகிறது. உளுந்தின் பசை அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குண்டானை நாகலூரில் திறந்தாலும் சேலத்தில் திறந்தாலும் மேலே தேன்கூடு மாதிரித் தெரியும் ஓட்டைகள் அதன் வேலைதான்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இரண்டு சொம்பும் அதனதன் இடத்தில் அசையாமல் இருந்தால் கணக்கு சுலபம். ஒரு சொம்பை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால்? பயணம் ஒரு மணி நேரம். பாலின் வெப்பநிலை 32-இலிருந்து 22-க்குச் சீராக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது 1,000 பாக்டீரியா. ஏற்காட்டில் இறங்கும்போது?

கிளம்பும்போது வேகம் மணிக்கு இரண்டு இரட்டிப்பு. போய்ச் சேரும்போது மணிக்கு ஒன்று. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி சராசரி எடுத்தது: இரண்டும் ஒன்றும் சேர்ந்தால் மூன்று, அதில் பாதி ஒன்றரை. ஒன்றரை இரட்டிப்பு என்றால் 2.83 மடங்கு, 2,830 பாக்டீரியா. இன்னொரு கட்சி வெப்பநிலையைச் சராசரி எடுத்தது: நடுவாந்தரம் 27 டிகிரி, அங்கே வேகம் இரண்டின் வர்க்கமூலம், 1.414. அப்படியானால் 2.67 மடங்கு, 2,670. இரண்டு கட்சியும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டது.

இரண்டுமே கிட்டத்தட்ட சரி, இரண்டுமே சரியில்லை. வேகம் ஒரு நேர்கோட்டில் இறங்கவில்லை. முதலில் கொஞ்சம் விறுவிறுவென்று இறங்கி, போகப்போக நிதானிக்கிறது. அதனால் நிஜமான சராசரி ஒன்றரைக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த வளைவின் அடியில் உள்ள பரப்பைத் தொகையிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குத்தானே தொகையிடல் படித்தது என்று கன்னங்குறிச்சியிலிருந்து வரும் பெண் எழுந்து போர்டுக்கு வந்தாள். புறப்பட்டு எவ்வளவு நேரமானதோ அதை ஒன்றிலிருந்து கழித்து, அதை இரண்டின் அடுக்காக வைத்தால் அந்தந்தக் கணத்தின் வேகம். அதை பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை தொகையிட்டாள். மேலே 1 வந்தது, கீழே இரண்டின் இயல் மடக்கை, அதாவது 0.693. வகுத்தால் 1.4427 இரட்டிப்பு.

"இப்ப ரெண்டை இந்த அடுக்குக்கு உயர்த்து" என்றேன்.

மடக்கை எடுத்துப் பெருக்கினாள். 0.693-ஐ 0.693 அடித்துவிட்டது. மிச்சம் 1. இயல் மடக்கை 1 ஆக இருக்கும் எண் எது?

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் எழுதியதையே பார்த்தாள். பிறகு "மிஸ், ஈ வருது!" என்று கத்தினாள். இயல் மடக்கைக்கு அடியாக இருக்கும் e என்ற எண், 2.718 சொச்சம். தோராயமாக இல்லை, துல்லியமாக அதே எண். சேலத்தில் 1,000-ஆக ஏறிய பாக்டீரியா ஏற்காட்டில் 2,718-ஆக இறங்குகிறது.

புத்தகத்தில் இந்த எண் வந்து உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகள் அதற்குப் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. ஆய்லர் பெயரில் ஓர் எண், மனப்பாடம் செய்ய இன்னும் ஒன்று. இங்கே யாரும் அதைக் கூப்பிடவில்லை. அரைமணி, ஒரு மணி, பத்து டிகிரி, இரண்டு மடங்கு என்று நாம் போட்டதெல்லாம் சந்தையில் காய் வாங்குகிற எண்கள். அவற்றுக்கு நடுவிலிருந்து அது தானாக எழுந்து வந்தது. காரணம் ஒன்றும் மாயமில்லை. மலை ஏறும்போது மணிக்கு இரண்டிலிருந்து ஒன்றாக வேகம் குறைவதும் இரண்டின் அடுக்கால்தான், பாக்டீரியா பெருகுவதும் இரண்டின் அடுக்கால்தான். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டால் அடியில் கிடப்பது அந்த எண். கீழே இறங்கி வந்தாலும் அதே 2.718 தான், ஏனென்றால் வளைவைத் திருப்பிப் போட்டாலும் பரப்பு மாறாது. பயணம் இரண்டு மணி நேரமானால் அதன் வர்க்கம், சுமார் 7.4 மடங்கு.

இவ்வளவு அழகாக முடிந்த கணக்கை அப்படியே விட்டிருக்கலாம். மெய்யனூர்ப் பையன் விடவில்லை.

"மிஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம் வரைக்கும் சமதரைதானே? கோரிமேடு தாண்டுற வரைக்கும் ஒரே வெக்கை. அடிவாரத்துக்கு அப்புறம்தானே குளிர ஆரம்பிக்கும்?"

உண்மைதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அடிவாரத்துக்கு மேலேதான். ஆக முதல் இருபது நிமிடம் 32 டிகிரி, அடுத்த நாற்பது நிமிடத்தில்தான் இறக்கம் என்று திருத்தினோம். சமதரையில் மூன்றில் இரண்டு இரட்டிப்பு, 1.59 மடங்கு. மலையில் அந்த எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கு, 1.95 மடங்கு. பெருக்கினால் 3.09. ஏற்காட்டில் இறங்குவது 2,718 இல்லை, 3,090-ஐ ஒட்டி. அழகு போனது போனதுதான், ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வியைத் தேர்வுத்தாள் எதுவும் கேட்காது. கொடுத்த வாக்கியத்தை நம்பாமல் ரோட்டைப் பார்த்தவன் அவன். பத்துக்குப் பத்து போட்டேன்.

(பால் பஸ்ஸுக்குள் இருக்கிறது, பஸ்ஸுக்குள் கூட்டம் இருக்கிறது, சொம்பு சூட்டை உடனே விடாது, நியூட்டனின் குளிர்வு விதி வேறு இருக்கிறது என்றெல்லாம் எனக்கும் தெரியும். அதை அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறேன்.)

இதே கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போடுகிறவர்கள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். பால் வந்ததும் அதில் எத்தனை பாக்டீரியா என்று எண்ணிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஒரு டெஸ்ட் ட்யூபில் 10 மில்லி பால் ஊற்றி, 1 மில்லி மெத்திலின் நீலக் கரைசலைக் கலந்து, 37 டிகிரி தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள். பால் இளநீலமாக இருக்கும். பாக்டீரியா பெருகப் பெருக ஆக்சிஜன் தீர்ந்து நீலம் வெளுக்கும். அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வந்து, காற்றுபடும் மேல்விளிம்பில் மட்டும் ஒரு நீல வளையம் மோதிரம்போல் நிற்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு நேரத்தில் வெளுத்தது என்பதுதான் பாலின் தரம். ஐந்து மணி நேரம் தாங்கினால் அருமையான பால், அரைமணியில் வெளுத்தால் மோசமான பால்.

இதில் இருக்கிற கணக்கைப் பாருங்கள். எண்ணிக்கை ஏதோ ஒரு அளவைத் தொட்டால் நிறம் போகிறது என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். அரைமணிக்கு ஓர் இரட்டிப்பு. ஒரு ட்யூப் ஐந்து மணி நேரத்தில் வெளுத்தது, இன்னொன்று அரைமணியில். இடைவெளி நாலரை மணி, ஒன்பது இரட்டிப்பு, 512 மடங்கு. இரண்டாவது கேன் பால் வந்து இறங்கும்போதே முதல் கேனைவிட 512 மடங்கு பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. கறவையின்போது பால் மாட்டின் உடம்புச் சூட்டில், 38 டிகிரியை ஒட்டி இருக்கும். பாக்டீரியாவுக்கு அதைவிட சுகமான இடம் கிடையாது. கிராமத்திலேயே குளிர்விப்பான் வைத்துக் கறந்த சூட்டோடு 4 டிகிரிக்கு இறக்குவது ஏன் என்று அந்த 512-ஐப் பார்த்தால் புரியும்.

எந்த அடுக்குக் கணக்கையும் இழுத்துக்கொண்டே போனால் அது பைத்தியம் பிடித்துவிடும். ஈ.கோலை என்ற பாக்டீரியா நல்ல தீனியும் 37 டிகிரியும் கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கி ஒரு நாள் ஓட்டினால் 72 இரட்டிப்பு. ஒன்றின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான், ஆனாலும் மொத்தம் 4,700 டன் வந்து நிற்கும். சங்ககிரி லாரிக்காரர்களிடம் சொன்னால் பத்து டன் லோடாக 470 நடை. இன்னொரு நாள் ஓட்டினால் பூமியின் எடையைப்போல் மூவாயிரத்து எழுநூறு மடங்கு. வகுப்பில் இதைப் போட்டால் சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் ஆகும்.

நிஜத்தில் அது முதலில் கொஞ்சநேரம் சும்மா இருக்கும், புது இடத்துக்குப் பழகும். பிறகு பெருகும். பிறகு தீனி தீரும், அல்லது தன் கழிவே தனக்கு விஷமாகும், நின்றுவிடும். பிரெஞ்சுக்காரர் ழாக் மோனோ 1949-இல் இந்தக் கட்டங்களையும் தீனியின் அளவுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவையும் ஒரே கட்டுரையில் எழுதி வைத்தார். தயிரில் நடப்பதும் அதுதான். உறை ஊற்றிய பாலில் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை விட, அமிலம் ஏறி, புளிப்பை அளக்கும் பி.எச். எண் இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது பாலின் கேசின் புரதம் திரண்டு தயிராகிறது. அதே புளிப்பு கொஞ்ச நேரத்தில் பாக்டீரியாவின் கையையே கட்டிப்போடுகிறது. நம் கணக்கு நடுக்கட்டத்துக்கு மட்டும் செல்லும்.

சூட்டுப் பக்கமும் இதே கதைதான். தோதான வெப்பநிலையைத் தாண்டினால் வேகம் ஏறாது, சரசரவென்று விழும். பாலை 63 டிகிரியில் அரைமணியோ 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்தால் நோய்க்கிருமிகள் செத்துவிடும், அதற்குப் பேர்தான் பாஸ்ச்சரைஸேஷன். குளிர்ப் பக்கம்தான் எனக்கு சுவாரசியம். பத்து டிகிரிக்குப் பாதி என்ற விதியை ஃபிரிட்ஜுக்குள் கொண்டுபோனால் அது பொய் சொல்லும். 7 டிகிரி ஃபிரிட்ஜில் நம் பாக்டீரியா இரட்டிக்க 2 மணி 50 நிமிடம் ஆகும் என்று அந்த விதி சொல்கிறது. அப்படியென்றால் ஒரே நாளில் எட்டு இரட்டிப்பு, 256 மடங்குக்கும் மேல். எந்த வீட்டு ஃபிரிட்ஜும் அவ்வளவு மோசமில்லை.

1982-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ராட்கோவ்ஸ்கி என்பவரும் கூட்டாளிகளும் வேறொரு வழி சொன்னார்கள். வேகத்தின் வர்க்கமூலத்தை எடுத்து வெப்பநிலைக்கு எதிரே புள்ளி வைத்தால் நேர்கோடு வருகிறது என்றார்கள். கோடு தரையைத் தொடும் வெப்பநிலை ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் வேறு. நம் கணக்குக்கு அதை 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 32 டிகிரியில் 30-இன் வர்க்கம், 900. 22 டிகிரியில் 20-இன் வர்க்கம், 400. விகிதம் 2.25, பழைய விதியின் இரண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 7 டிகிரிக்கு வந்தால் 5-இன் வர்க்கம், 25. வேகம் முப்பத்தாறில் ஒரு பங்கு. அரைமணி பதினெட்டு மணி நேரமாகிறது! சேலம்–ஏற்காடு தூரத்துக்குள் இரண்டு விதியும் அண்ணன் தம்பி. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் சொத்துத் தகராறு. லிஸ்டீரியா மாதிரி சில பாக்டீரியா பூஜ்ய டிகிரியை ஒட்டியும் மெல்ல வளரும், அவற்றின் கோடு வேறு இடத்தில் தரையைத் தொடும். இப்படிக் குளிரிலும் வளரும் பாக்டீரியா இருப்பதால்தான் ஃபிரிட்ஜில் வைத்த பண்டமும் ஒருநாள் கெடுகிறது.

இதை வைத்து வகுப்பிலேயே ஒரு கடைசிக் கணக்கு உருவானது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகிறது. 7 டிகிரியில் இருந்த ஃபிரிட்ஜ் நாலு மணி நேரத்தில் சீராக 27-க்கு ஏறுகிறது. உள்ளே பால். பகல் ஒரு மணிக்குப் பாக்டீரியா எத்தனை மடங்காகியிருக்கும்?

ராட்கோவ்ஸ்கி வழியில் தொகையிட்டால் நாலு மணி நேரத்தில் 2.3 இரட்டிப்பு, ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதே பால் காலையிலிருந்து 27 டிகிரியில் வெளியே இருந்திருந்தால் 5.6 இரட்டிப்பு, 47 மடங்கு. மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 0.13 இரட்டிப்பு. கடைசி ஒரு மணி நேரத்தில் 1.13. முதல் மணி நேரத்தில் நடப்பதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் கடைசி மணி நேரத்தில் நடக்கிறது. கதவைத் திறக்காமல் வைத்து அந்த ஏற்றத்தை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு லாபம்.

மறுநாள் கன்னங்குறிச்சிப் பெண் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மாகிட்ட சொன்னேன் மிஸ். கரண்ட் போனா ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இத்தனை வருஷமா திறந்து திறந்து பார்க்கிறது நானா, நீயா'ன்னு கேட்டாங்க."